நோலாவின் தண்ணீர் லாரி

மாடல் லாரியின் முன்கண்ணாடி உள்பக்கமாக வெள்ளை பூத்துப் போயிருந்தது. வெர்ன் துணியால் துடைத்துப் பார்த்தார். வெளிப்பக்கம் சுத்தமாகத்தான் இருந்தது. நேற்று அவசரத்தில் கூரையை சூப்பர் க்ளூவால் ஒட்டி மூடிவிட்டார். அதன் ஆவி உள்ளேயே சுற்றிக் கண்ணாடியில் படியும் என்பது மாடல் கட்டுகிற எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். அதுதான் அவரை அரித்தது.

மத்தியானம் அவர் மனைவி நோலாவின் பட்டாளத்துத் தோழிகள் தேநீருக்கு வருகிறார்கள். போர்க்காலத்தில் ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் துறைமுகத்தில் நோலா ஓட்டிய பிளிட்ஸ் என்ற ராணுவத் தண்ணீர் லாரியின் மாடல்தான் இது. பார்த்த மாத்திரத்தில் அவர்கள் 'நோலாவோட வண்டி' என்று சொல்லிவிட வேண்டும். அதற்காகவே ஏதோ ஒரு பிரிட்டிஷ் லாரியின் மாடல் பெட்டியை வாங்கி, பின்பக்கத்தை அறுத்தெறிந்து, மாத்திரைக் குப்பியில் தண்ணீர்த் தொட்டி செய்து, பிளாஸ்டிக் தகட்டில் பிளிட்ஸின் சப்பை மூக்கை வெட்டி ஒட்டியிருந்தார். போரின்போது அவர் பெண்டிகோ ஊரில் ரயில் எஞ்சின் பழுது பார்த்துக்கொண்டிருந்தவர். அந்த வண்டியை நேரில் கண்டதில்லை. எல்லாம் புகைப்படங்களைப் பார்த்துச் செய்ததுதான். எங்கேயோ தப்பு இருக்கிறது என்ற நினைப்பு அவரை விட்டதேயில்லை.

நோலா கையில் தேநீருக்கான ஸ்கோன் ரொட்டி மாவோடு கொட்டகைக்குள் வந்தாள்.

"என்ன கிழவா, மூஞ்சி தொங்கிப் போயிருக்கு?"

"இன்னிக்கு இதை வைக்க வேண்டாம் நோலா. கண்ணாடி கெட்டுப்போச்சு."

அவள் வாங்கிப் பார்த்தாள். "முதல்ல இது ஏன் மூடியிருக்கு?"

"கண்ணாடின்னா மூடித்தானே இருக்கும்?"

"எஞ்சின் காலுக்குப் பக்கத்துல, உள்ளேயே உக்காந்திருக்கும். மூடிட்டு ஓட்டினா வெந்து போயிடுவோம். கண்ணாடியைத் தள்ளித் திறந்துட்டுதான் ஓட்டுவோம். வெட்டி எடு."

"போட்டோவுல எல்லாம் மூடியிருக்கே?"

"போட்டோவுல வண்டி நின்னுட்டிருக்கு, மக்கு."

வெர்ன் கத்தி முனையால் கண்ணாடியைச் சுற்றிக் கீறி எடுத்தார். நோலா திறப்பில் ஒரு கண்ணை வைத்து உள்ளே பார்த்தாள்.

"வெர்ன், என் சீட்ல யாரு இது?"

"யாரு?"

"மீசை வெச்சிருக்கான்."

வெர்ன் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். டயரை மாற்றியிருந்தார், பம்பரில் எண் எழுதியிருந்தார், திருகாணிகளைக் கூட ஒவ்வொன்றாகச் சரிபார்த்திருந்தார். ஓட்டுநர் மட்டும் அந்த மாடல் பெட்டியோடு வந்த பொம்மை. வர்ணம் அடித்து அப்படியே உட்கார வைத்துவிட்டார்.

"இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும் நான் உனக்கு இப்படியா தெரியறேன்?" நோலா சிரித்த சிரிப்பில் மாவு மேசையெல்லாம் உதிர்ந்தது.

சாமணத்தால் அவனைப் பிடுங்கி வெளியே எடுத்தார். மீசையைச் சுரண்டினார். தோளைச் சீவினார். விரிசல் அடைக்கிற மக்கைக் கொஞ்சம் உருட்டித் தலையில் முடியாக வைத்தார்.

"முடி எதுவரைக்கும்?"

"காலருக்கு மேல. அதுக்குக் கீழ இறங்கினா சார்ஜென்ட் கத்துவா."

நிறத்தை அவர் கேட்கவில்லை. பழுப்பு வர்ணத்தில் ஆரஞ்சைக் குழைத்தார்.

"இன்னும் கொஞ்சம் சிவப்பு போடேன்," என்றாள் நோலா, தன் நரைத்த தலையைத் தொட்டுக்கொண்டு.

"எனக்குத் தெரியும், நீ சும்மா இரு," என்று முடியில் வர்ணத்தைப் பூசினார்.

வாசலில் கார் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. "நோலா! எங்கடி இருக்க?" என்று யாரோ கூப்பிட்டார்கள். நோலா சாமணத்தை வாங்கி, அதன் முனையில் இருந்த சின்ன சிவப்புத் தலையை ஊத ஆரம்பித்தாள்.

"அங்கேயே நில்லுங்கடி!" என்று கத்தினாள். "நான் இன்னும் காயலை!"