மூன்றாம் எண் மைக்

மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்து மைக் வயரைச் சட்டத்தோடு சேர்த்து ஒட்டிக்கொண்டிருந்தபோது, அக்காவின் செருப்பு அவள் காதுப் பக்கம் வந்து நின்றது. முகம் பார்க்க வேண்டிய அவசியமில்லை. இடது கால் வார் அறுந்து, கறுப்பு நூல் கிடைக்காமல் நீல நூலால் தைத்த செருப்பு அது. தைத்துக் கொடுத்ததே அவள்தான்.

“ஊமச்சி, உயிரோட இருக்கியா?”

“ம்.”

“ரெண்டு வார்த்தை சேத்துப் பேசுனா வரி போடுறாங்களா உனக்கு?”

செருப்பு விலகியது. மேசை விளிம்புக்குக் கீழே அக்காவின் முகம் தலைகீழாக எட்டிப் பார்த்தது. காலையில் சாப்பிட்டாயா, பொய் சொல்லாதே என்றது. அவள் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம் போன்ற ஆட்டல். அக்கா ஒரு டப்பாவைக் குனிந்து தரையில் தள்ளிவிட்டு நிமிர்ந்தாள். அவளுடைய முழங்கால் சடக்கென்று சொடுக்கியது.

அந்த அலுவலகத்தில் அக்கா ரிசப்ஷனில் உட்கார்ந்து பத்தொன்பது வருடம். வாசல் மேசையில் நான்கு லைன் உள்ள டெலிபோன் போர்டு. நான்கும் ஒரே சமயத்தில் அடித்தாலும் யாரையும் காக்க வைத்ததாகத் தோன்றவிடாமல் பேசுவாள். தலைமை அலுவலகத்தில் இருக்கும் பெரிய சாருக்குத் தினமும் காலை ஒன்பதரைக்கு மேனேஜரின் லைனைப் போட்டுக் கொடுப்பவள் அவள்தான். “உங்க குரலைக் கேட்டாத்தான் எனக்கு நாளே ஆரம்பிக்குது” என்று அவர் ஒரு தடவை சொல்லிவிட்டார். எந்த வருடம் சொன்னாரோ தெரியாது. வீட்டில் அது இன்றைக்கும் வாரம் ஒரு முறையாவது ஓடும். அக்காவின் கணவரை அவள் மாமா என்று கூப்பிடுவாள். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனதிலிருந்து அவர் வீட்டில்தான் இருக்கிறார். அந்தப் பேச்சு வரும்போதெல்லாம், “அப்ப அவருக்கு ஞாயித்துக்கிழமை விடியவே விடியாதா?” என்று கேட்பார். அக்கா மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

சின்ன வயதில் அவளுக்கும் சேர்த்துப் பேசியது அக்காதான். கடையில் கேட்பது அக்கா. வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்வது அக்கா. டாக்டரிடம் அவளுக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்வதுகூட அக்காதான். அதுவும் சரியாகவே இருக்கும். பள்ளிக்கூடத்தில் அக்கா கூடவே உட்கார முடியவில்லை. ஒன்பதாம் வகுப்பில், எழுந்து படி என்று டீச்சர் சொல்ல, எழுந்து நின்று பாடவேளை முடியும் மணி அடிக்கும்வரை வாய் திறக்காமல் நின்றவள், மறுநாளிலிருந்து போகவில்லை. அக்கா திட்டவில்லை. கொஞ்ச வருடம் கழித்து அலுவலகத்துக்கு போன் மாட்ட வந்த கம்பெனிக்காரரிடம், “உங்ககிட்ட பேசறதுக்கு ஆள் நிறைய இருப்பாங்க, பேசாம வேலை பாக்க ஒரு ஆள் வேணுமா?” என்று கேட்டு அவளைச் சேர்த்துவிட்டாள். வாயே திறக்காத பெண்ணுக்கு மைக் வேலையா என்று கம்பெனியில் முதல் வாரம் முழுக்கச் சிரித்தார்கள். பிறகு சிரிப்பது நின்றுபோனது. ஒரு அறையின் நான்கு மூலையிலும் நின்று கை தட்டிப் பார்த்து, எங்கே எதிரொலிக்கும், எந்த நாற்காலிக்காரர் பேசினால் மறுமுனையில் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்கும் என்று அவளால் சொல்ல முடிந்தது.

இந்த அறையில் எதிரொலி அதிகமில்லை. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதை ஒட்டி காகிதமும் பேனாவும் அடுக்கும் சின்ன அறை. நீள மேசை, இருபத்திரண்டு நாற்காலி. சக்கரம் வைத்த தாங்கியில் பெரிய திரை. மேசை நடுவில் மூன்று காலையும் பரப்பிக்கொண்டு நண்டு போல கான்ஃபரன்ஸ் போன். அதற்கு இரண்டு பக்கமும் பிஸ்கட் அளவில் நான்கு மைக். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு விளக்கு. திறந்திருந்தால் பச்சை, மூடியிருந்தால் சிவப்பு.

காலையிலிருந்து ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அட்டெண்டர் அண்ணன் யாரும் சொல்லாமலே திரையைத் தன் கைக்குட்டையால் துடைத்தார். இனிமேல் நம்முடையதும் பெரிய ஆபீஸ்தான், பேரப்பிள்ளைகளிடம் டிவியில் வேலை பார்க்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார். அக்காவும் அதே முகத்தோடுதான் இருந்தாள். சுவரோரம் அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகளைப் பார்த்ததும் அவள் கண் அங்கேயே நின்றது.

“அந்தப் பெரிய பெட்டி எனக்கு வேணும்டி. பாப்பா பள்ளிக்கூடத்துக்கு வீடு மாதிரி செய்யணுமாம். நீ தூக்கிப் போடறதுதானே?”

வழக்கமாகத் தூக்கிப் போடுவதுதான். புதுச் சாமான் மாட்டிய இடத்தில் பெட்டிகள் குப்பைக்குப் போகும். இன்றைக்கு அவள் ஒவ்வொரு பெட்டியையும் கிழியாமல் திறந்து, உள்ளிருந்த ஸ்பாஞ்சுத் துண்டுகளை அதனதன் இடத்திலேயே திரும்ப வைத்திருந்தாள். சட்டைப்பையில் இருந்த சீட்டில் அச்சாகியிருந்தது: வாடகை, ஒரு நாள். திரும்ப எடுக்கும் நேரம், இன்று மாலை ஆறு மணி.

“இல்லக்கா. அது திரும்ப வேணும்.”

“பெட்டியா? எதுக்கு?”

அவள் பதில் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது அவளுக்குப் பழக்கம் என்பதால் அக்காவுக்கு அது ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. உங்க கம்பெனிக்காரன் கஞ்சன் என்று சொல்லிவிட்டு, அடித்த போனை எடுக்க வாசலுக்கு ஓடினாள்.

சீட்டின் பின்பக்கம் வேலை விவரம் இருந்தது. கேமரா வேண்டாம். கூட்டம் மூன்று மணிக்கு. நான்கு மைக்கும் பூட்டியிருக்க வேண்டும். அறையில் இருப்பவர்கள் அழுத்தினாலும் திறக்கக் கூடாது. இங்கிருந்து எந்தச் சத்தமும் தலைமை அலுவலகத்துக்குப் போகக் கூடாது. இப்படி எழுதிய சீட்டு அவள் கைக்கு வருவது இது மூன்றாவது தடவை. முதல் தடவை அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கூட்டம் முடிந்து வயரைச் சுருட்டப் போனபோது மேசைக்கு அடியில் கசக்கி எறிந்த டிஷ்யூத் தாள்கள் கிடந்தன. ஒரு ஆள் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். அவர் காலுக்குக் கீழே வயர் இருந்ததால் அவர் எழும்வரை அவளும் நின்றாள். இரண்டாம் தடவை சீட்டைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பேசவிடாமல் ஒருவர் பேசவேண்டிய சேதி உலகத்தில் எத்தனை இருக்கிறது?

இந்த மாதிரி வேலைக்கு, பார்த்ததையும் கேட்டதையும் வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். சொன்னால் வேலை போகும். முந்தின நாள் தாளை நீட்டியபோது சூப்பர்வைசர் சிரித்தார். “உனக்கு இந்தத் தாளே தண்டம். நீ எங்க பேசப்போற?” எந்த அலுவலகம் என்பதைக் கையெழுத்துக்கு அப்புறம்தான் பார்த்தாள்.

பன்னிரண்டரைக்கு அக்கா திரும்ப வந்தாள். கதவைச் சாத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, சக்கரத்தை இப்படியும் அப்படியும் உருட்டினாள். ஒரு விஷயம் என்றாள். விஷயம் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். வீட்டுக்குப் பக்கத்துத் தெருப் பல் டாக்டரம்மா தன் கிளினிக்கில் ரிசப்ஷனுக்கு அக்காவைக் கூப்பிட்டிருந்தார். சம்பளம் கொஞ்சம் குறைவு, நடந்தே போய்விடலாம். இன்று ஒரு மணிக்குள் பதில் சொல்லவேண்டும். இன்னொரு பெண் காத்திருக்கிறாள். நேற்று வரை அக்காவுக்கு ஒரு நிலையில் நிற்க முடியவில்லை. போகலாமா வேண்டாமா என்று மாமாவைக் கேட்டுக் கேட்டு, அவர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்.

“நேத்து வரைக்கும் யோசனையாத்தான் இருந்துச்சு. இங்க முன்ன மாதிரி ஆர்டர் இல்லன்னு பேசிக்கிட்டாங்க. இப்ப பாரு, இவ்வளவு சாமான் இறக்குறாங்க. மூடப்போற கடைக்கு எவனாவது போர்டு மாத்துவானா?”

அவள் திருப்புளியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். அக்கா, கிளினிக் வேலைய எடுத்துக்க. நாலே வார்த்தை. காலையில் மேசைக்கடியில் படுத்தபடி அதைப் பல தடவை சொல்லிப் பார்த்திருந்தாள். காரணம்கூடச் சொல்ல வேண்டாம். அவள் ஒன்றைச் சொன்னாள் என்பதற்காகவே அக்கா கேட்டுவிடுவாள்.

“நீ என்ன சொல்ற?”

வாழ்க்கையில் முதல் தடவையாக அக்கா அவளிடம் கேட்டாள். கேட்டுவிட்டு உண்மையாகவே காத்திருந்தாள்; நாற்காலியை உருட்டுவதைக்கூட நிறுத்திவிட்டாள். அவளுக்கு முந்தின நாள் கையெழுத்துப் போட்ட தாள் நினைவுக்கு வந்தது. இரண்டு சம்பளமும் ஒரே நாளில் நின்றுபோன வீடு கண்முன் வந்தது. ஒருவேளை இந்தத் தடவை வேறு ஏதாவதாக இருக்கலாம் என்றும் தோன்றியது. அப்படி இருக்காது என்று அதே நிமிடம் தெரிந்தது.

“உன் இஷ்டம்க்கா.”

“அதானே. உன்கிட்டப் போய்க் கேட்டேன் பாரு.” அக்கா சிரித்துக்கொண்டே அவள் தலையில் லேசாகத் தட்டினாள். “சரி, வெளி லைன் டெஸ்ட் பண்ணணும்ல? கிளினிக்குக்குப் போடு. உனக்கு டெஸ்ட்டும் ஆச்சு, எனக்கு வேலையும் ஆச்சு.”

எண்களை அவள்தான் அழுத்தினாள். மணி அடிக்கும் சத்தம் அறை முழுக்கப் பரவியது. டாக்டரம்மா எடுத்தார். அக்கா முதுகை நிமிர்த்தி, தன் போர்டுக் குரலில் பேசினாள். ரொம்ப நன்றி மேடம், நினைச்சுக் கூப்பிட்டீங்க, ஆனா இங்கயே நல்லா வெச்சிருக்காங்க, விட்டுட்டு வர மனசு வரலை. “சரிம்மா. அப்ப அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிடறேன்.” டாக்டரம்மா மேசைமேல் பேனாவை வைத்த சத்தம்கூடத் துல்லியமாகக் கேட்டது. போன் துண்டித்தது.

“எப்படி, கிளியரா இருந்துச்சா?”

அவள் பரிசோதனைத் தாளில் ‘வெளி லைன்’ என்பதற்கு எதிரே டிக் போட்டாள்.

மூன்று மணிக்கு எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். நாற்காலி கிடைக்காதவர்கள் சுவரோரம் நின்றார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள், மடியில் உறைக் கட்டோடு மூலையில் இருந்தார். அக்கா கடைசியாக வந்தாள். போனை யார் பார்ப்பார்கள் என்று அவள் கேட்டதற்கு, அடித்தால் அடிக்கட்டும், விட்டுவிடுங்கள் என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டாராம். கதவுக்குப் பக்கத்து நாற்காலியில், ஓடுவதற்குத் தோதாக, அக்கா நுனியில் உட்கார்ந்தாள். அவளுக்கு எதிரே இருந்தது மூன்றாம் எண் மைக்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம், காகித அறையில், காலிப் பெட்டிகளையும் இங்கே நகர்த்தி அடுக்கிவிட்டு, அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மடிக்கணினி முன்னால் இருந்தாள். திரையில் நான்கு கோடுகள், ஒவ்வொரு மைக்குக்கும் ஒன்று. பூட்டியிருந்தாலும் அறைச் சத்தம் அவள் வரைக்கும் வரும். அதற்கு மேல் போகாது. மேசைமேல் நான்கு சிவப்பு விளக்குகள்.

பெரிய சார் திரையில் வந்தார். வணக்கம் சொல்லிவிட்டுத் தாளைப் பார்த்துப் படிக்கத் தொடங்கினார். சந்தை நிலவரம், தவிர்க்க முடியாத, மிகுந்த வருத்தத்துடன், இந்தக் கிளையை இன்று மாலையோடு நிறுத்திக்கொள்வது. நான்கு கோடுகளும் அசையவில்லை. பிறகு நான்கும் ஒன்றாக மேலே துள்ளின. யாரோ பின்வரிசையில் ஏதோ கேட்டார். கணக்குப் பிரிவுக்காரர் மைக்கின் பொத்தானை அழுத்தினார், இன்னொரு தடவை அழுத்தினார், பிறகு குத்தினார். சிவப்பு மாறவில்லை. பெரிய சார் அடுத்த பத்தியைப் படித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் கோடு மட்டும் தனியாக உயர்ந்தது.

“சார். ரிசப்ஷன்லேருந்து பேசறேன் சார்.”

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வாசல் மேசையில் உட்காரும் அதே மாதிரி.

“என் குரல் உங்களுக்குத் தெரியும் சார். தினம் ஒன்பதரைக்கு உங்க லைனைப் போட்டுக் கொடுக்கறது நான்தான். ஒரு நிமிஷம் சார்.”

அவர் பக்கத்தைப் புரட்டினார். அக்கா கொஞ்சம் முன்னால் சாய்ந்து, இன்னும் பணிவாக, லைன் சரியில்லாதபோது பேசுவது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். “சார். கேக்குதா சார்?”

மடிக்கணினியில் அவள் விரல் தானாகவே மூன்றாம் பூட்டின் மேல் போனது. அழுத்தினாள்.

மேசையில் ஒரு சிவப்பு மறைந்து பச்சை எரிந்தது. அக்காவின் கடைசிச் ‘சார்’ போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பெரிய சார் தாளிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

“யாரு? லைன்ல யாராவது இருக்கீங்களா?”

இருபத்துச் சொச்சம் முகங்களும் அக்காவைப் பார்த்தன. அக்கா பச்சை விளக்கைப் பார்த்தாள். அதிலிருந்து கிளம்பிய வயரைப் பார்த்தாள். வயர் மேசை விளிம்பில் மடங்கி, கீழே இறங்கி, தரையில் ஒட்டிய நாடாவுக்குள் புகுந்து, கதவு இடுக்கு வழியாக வெளியே போனது. அக்காவின் கண்ணும் அதோடு கூடவே வந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம், பத்திரமாக அடுக்கி வைத்த அட்டைப் பெட்டிகளில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அவள் முகத்துக்கு வந்தது.

“ஹலோ” என்றார் பெரிய சார். “பேசுங்க.”

வாசலில் நான்கு லைனும் அடித்துக்கொண்டிருந்தன. அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெட்போனில் மூச்சு மட்டும் கேட்டது. மூன்றாம் கோடு ஒரு புள்ளி மேலே ஏறியது, ஒரு புள்ளி இறங்கியது, திரும்ப ஏறியது.