பதினெட்டாம் கேள்வி

"அப்படின்னா நான் பொய் சொன்னேங்கறியா?"

"நான் அப்படிச் சொல்லலை. நீங்களேதான் சொல்லிக்கிறீங்க."

"பேரவை முடிவு அது. ஒன்பது பேர் கை தூக்கினாங்க."

"அந்த ஒன்பதுல ஒரு கை உங்களோடது. எனக்கு எதிர் நாற்காலியில உட்கார்ந்து தூக்கினீங்க. நான்தான் எண்ணி நோட்டுல எழுதினேன்."

வெள்ளைச் சட்டையின் தோளில் இஸ்திரிப் பெட்டி அப்படியே நின்றது. துணி கருகும் வாசம் எழுந்த பிறகுதான் அவர் அதைத் தூக்கினார். அந்தத் தோளை அவர் தேய்ப்பது அன்று காலையில் மூன்றாவது முறை.

அவர் மாதா கோயிலின் பாட்டு வாத்தியார். இருபத்தாறு வருஷமாகப் பாடகர் குழுவுக்குச் சுருதி சொல்லித் தருகிறவர். கோயிலுக்கு உட்பட்ட பங்கு மக்களின் பேரவையில் உறுப்பினரும்கூட. அவர் மனைவி பங்கு அலுவலகத்தில் எழுத்தர். அந்த வட்டாரத்தில் பிறந்தவர், மணந்தவர், இறந்தவர் எல்லாரும் அவள் கையால்தான் ஏடேறினார்கள். அதனால் அவளுடைய சொந்தப் பெயர் எப்போதோ உதிர்ந்துபோய் 'ரிஜிஸ்டர் அக்கா' என்பதே நிலைத்துவிட்டது.

குடும்ப வாழ்வைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அறிய, ஆயரின் கீழுள்ள மறைமாவட்டத்திலிருந்து இருபத்திரண்டு கேள்விகள் வந்திருந்தன. பதினெட்டாவது கேள்வி இது: 'உங்கள் பங்கில் தன்பால் ஈர்ப்புள்ளவர்களைக் கொண்ட குடும்பங்கள் உள்ளனவா? அக்குடும்பங்களுக்குப் பங்கு எவ்வாறு துணை நிற்கிறது?' வியாழக்கிழமை கூடிய பேரவை அதற்கு ஒரு வரியில் பதில் முடித்தது: 'எமது பங்கில் அத்தகைய குடும்பங்கள் இல்லை.' சனிக்கிழமை நண்பகலில் ஆயர் இல்லத்து வண்டி வரும். அதற்குள் எல்லாப் பதில்களையும் தட்டச்சு செய்து பங்குத் தந்தையிடம் கையெழுத்து வாங்கிவைப்பது அவள் வேலை.

இன்று சனிக்கிழமை.

"அவன் இந்தப் பங்குலயே இல்லையே. வேற ஊர்லதானே இருக்கான்" என்றார் அவர்.

"ஆளுங்க இருக்காங்களான்னு கேட்கலை. குடும்பங்கள் இருக்கான்னு கேட்டிருக்காங்க. நாம இங்கதானே இருக்கோம்?"

"நாம வேற."

"எப்படி வேற?"

அவர் சட்டையைத் திருப்பிப் போட்டார். பதில் பின்பக்கத்தில் இருக்கும் என்பதுபோல அதையே உற்றுப் பார்த்தார்.

அவர்களுக்கு ஒரே மகன். லிஃப்ட் மெக்கானிக். பதினான்கு மாதத்துக்கு முன்பு வீட்டுக்கு வந்தவன், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, தன்னோடு ஆறு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கும் ஓவிய ஆசிரியர் வெறும் சிநேகிதர் இல்லை என்று சொன்னான். தலையைக் குனிந்துகொண்டு சொல்லவில்லை. அம்மா முகத்தையும் அப்பா முகத்தையும் மாறி மாறிப் பார்த்துச் சொன்னான். அப்பா எழுந்து கை கழுவினார். உள்ளே போய் ஹார்மோனியத்தின் முன் உட்கார்ந்தார். ஒரு கட்டையைக்கூட அமுக்கவில்லை. மறுநாள் காலை மகன் கிளம்பும்போது மழைக்கோட்டு எடுத்துக்கொண்டானா என்று மட்டும் கேட்டார்.

அதன் பிறகு அவன் வரவில்லை. கேட்டவர்களிடம் எல்லாம் "லீவு கிடைக்கலை" என்றார் வாத்தியார். ஊரும் தலையாட்டிக்கொண்டது. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்பார்கள். இந்த ஊரோ இந்த ஒரு விஷயத்தில் தன் வாயைத் தானே மூடிக்கொண்டது. அந்த மௌனம்தான் அவளைப் பதினான்கு மாதமாக உட்காரவிடாமல் எழுப்பிக்கொண்டே இருந்தது.

"பதினோரு மணிக்குப் பயிற்சி. பாட்டுப் புத்தக பீரோ சாவி ஆபீஸ்லதானே இருக்கு? வந்து வாங்கிக்கிறேன்" என்றார் அவர்.

அவள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

அலுவலகம் கோயிலின் பக்கவாட்டில் ஒரே அறை. கழுத்தைத் திருப்பித் திருப்பி வீசும் மேசை விசிறி, பதிவேடுகள் அடுக்கிய இரும்பு அலமாரி, கணினி, மூன்று நாற்காலி. முதல் பதினேழு பதில்களை அவள் விரல்கள் தாமாகவே அடித்து முடித்தன. பதினெட்டில் வந்து நின்றன. திரையில் சின்னக் கோடு கண்சிமிட்டியது. எழுந்தாள். ஏற்கெனவே தண்ணீர் ஊற்றிய செடிக்கு மறுபடியும் ஊற்றினாள். ஜன்னலைத் திறந்தாள், காகிதங்கள் பறந்ததும் சாத்தினாள். உட்கார்ந்து எண்ணை மட்டும் அடித்தாள்: 18. மறுபடியும் எழுந்து அலமாரியைத் திறந்து, மகனின் ஞானஸ்நானப் பதிவு இருந்த ஏட்டை உருவினாள்.

ஞானஸ்நான ஏட்டில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஓரக் கட்டம் ஒன்று உண்டு. அந்தக் குழந்தை வளர்ந்து எந்த ஊரில், யாரை மணந்தாலும் அங்கிருந்து தகவல் வரும். அதை இந்தக் கட்டத்தில் குறிக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் இருந்த எல்லாக் கட்டங்களையும் அவளே நிரப்பியிருந்தாள், ஒன்றைத் தவிர. அதில் எழுதும்படி எந்தத் தகவலும் ஒருநாளும் வரப்போவதில்லை. அவன் சந்தோஷமாக இருக்கிறான், புதிதாகச் சமைக்கக் கற்றிருக்கிறான், போன வாரம் தும்மல், மருந்து வாங்கிக் கொடுத்தது அந்த ஓவிய ஆசிரியர் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு புதன்கிழமையும் இந்த அறையில் இருந்துதான் மகனோடு போனில் பேசுகிறாள். வீட்டுக்காரருக்குத் தெரியாது. தெரிந்தால் மனுஷன் தாங்கமாட்டார் என்று நினைத்திருந்தாள்.

ஏட்டை வைத்துவிட்டு, பொதுமக்கள் எழுதிப்போட்ட தாள்களின் கட்டைப் பிரித்தாள். கோயில் வாசலில் மூன்று ஞாயிறு பெட்டி வைத்திருந்தார்கள். பெயர் எழுத வேண்டாம் என்பது விதி. விதி வகுத்தவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள்: இந்தப் பங்கில் பேனா பிடிக்கத் தெரிந்த அத்தனை பேரும் ஏதோ ஒரு நாள் அவள் முன்னால் குனிந்து ஏட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டவர்கள். பெயர் இல்லாவிட்டால் என்ன, எழுத்தைப் பார்த்தாலே ஆள் வந்து எதிரில் நின்றுவிடுவார்.

பேரவையில் அந்தத் தாள்களை யாரும் வாசிக்கவில்லை. "பதினெட்டுக்குப் பெரும்பாலும் யாரும் பதில் எழுதலை" என்று மருந்துக்கடைக்காரர் சொன்னதோடு சரி. நர்ஸம்மா ஒருத்திதான் சண்டை போட்டாள். "வார்டுல நோயாளி யாரும் இல்லைன்னு எழுதிட்டா ஆஸ்பத்திரி காலியாயிடுமா?" என்றாள். "அப்ப அதை நோய்ங்கறீங்களா?" என்று யாரோ மடக்க, எல்லாரும் சிரித்தார்கள். நர்ஸம்மா சிவந்துபோய் உட்கார்ந்துவிட்டாள்.

பதினெட்டுக்குப் பதில் இருந்த தாள்களை மட்டும் அவள் தனியாக எடுத்தாள். 'இப்படிக் கேட்பதே தவறு. போதனை வாக்கெடுப்புக்கு உரியது அல்ல.' இது தையற்கடைக்காரர். 'என் தங்கை மகள். அவளை வீட்டுக்குக் கூப்பிடலாமா கூடாதா என்று பங்குச் சாமி சொன்னால் நல்லது.' இது தபால்காரரின் மனைவி. அவள் இதைப் பற்றி ஒருநாளும் மூச்சு விட்டதில்லை. அடுத்த தாளில் பெரிய பெரிய எழுத்துக்கள், வேண்டுமென்றே கோணலாக, இடது கையால் எழுதியவை போல.

அவள் இரண்டு வரி படித்து நிறுத்தினாள். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் வரிக்கு மேலே சின்னதாக ஒரு கொக்கி. பாட்டுத் தாள்களில், பாடுகிறவர்கள் மூச்சு எடுக்க வேண்டிய இடத்தில் அவள் வீட்டுக்காரர் போடும் கொக்கி அது. கையை மாற்றிய மனுஷன் பழக்கத்தை மாற்ற மறந்திருந்தார்.

'இருக்கிறது. எங்கள் வீடு. திருச்சபை சொல்வது தவறு என்று சொல்ல எனக்குத் துணிவு இல்லை. என் மகன் தவறானவன் என்று சொல்லவும் நா எழவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாடும்போது மட்டும் இந்த நினைப்பு வருவதில்லை. வீட்டில் பேச வழியில்லை. பேசினால் என் மனைவி உடைந்துபோவாள். அவனைப் போய்ப் பார்க்கலாமா என்று யாரிடம் கேட்பது?'

அவளுக்கு முதலில் வந்தது சிரிப்பு. உடைந்துபோவாளாம். அப்புறம் கோபம் வந்தது. இதை எழுதிப் பெட்டியில் போட்ட கைதான் நாலு நாள் கழித்து 'இல்லை' என்று மேலே உயர்ந்தது. அப்புறம் எதுவுமே வரவில்லை. விசிறி அவள் பக்கம் திரும்பியது, போனது, திரும்பியது. ஒரே வீட்டில், ஒரே மேசையில், ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு இரண்டு பேர் பதினான்கு மாதம் பட்டினி கிடந்திருக்கிறார்கள்.

தாளை மடித்து மேசை டிராயரில் வைத்தாள். உட்கார்ந்து, நிறுத்தாமல் அடித்தாள்.

'18. உள்ளன. அவர்களுக்குப் பங்கு இதுவரை எவ்வகையிலும் துணை நிற்கவில்லை. எவ்வாறு நிற்பது என்று அறிய விரும்புகிறது.'

பத்தே முக்காலுக்குப் பங்குத் தந்தை வந்தார். அவளைவிடப் பதினைந்து வயது இளையவர். கூடவே பேரவையின் துணைத் தலைவர், கட்டட வேலை காண்ட்ராக்டர், காலணியில் சிமெண்டோடு. சாமி நின்றபடியே பக்கங்களைப் புரட்டிக்கொண்டு வந்து பதினெட்டில் பேனாவை நிறுத்தினார்.

"அக்கா, இது பேரவை சொன்ன பதில் இல்லையே."

"இல்லைங்க சாமி."

காண்ட்ராக்டர் எட்டிப் படித்தார். "என்னக்கா இது? எந்தக் குடும்பம்னு மேல கேட்டா என்ன சொல்றது?"

"எங்க குடும்பம்னு சொல்லுங்கண்ணே."

சொல்லியாகிவிட்டது. கூரை விழவில்லை. காண்ட்ராக்டர் தன் காலணியைப் பார்த்தார். அவர் குரல் இறங்கியது.

"தெரியும்க்கா. எல்லாருக்கும் தெரியும். உங்க வீட்டுக்காரரு முகத்தைப் பார்த்துதான் கை தூக்கினோம். உங்க மானம் சபை ஏறக் கூடாதுன்னுதான்."

"அப்ப எங்களுக்காகத்தான் எங்களை இல்லைன்னீங்க."

"கோவிச்சுக்காதீங்க. போதனைன்னு வந்தா நான் நூல் பிசக மாட்டேன். ஆணும் பெண்ணுமாத்தான் படைச்சாரு, குடும்பம்னா அதுதான். நாளைக்கு என் பேரப்பிள்ளைங்களுக்கும் அதைத்தான் சொல்லித் தரணும். ஆனா அதுக்காக உங்களை நான் விட்டுக்கொடுப்பேனா?"

"திருச்சபையோட போதனைப் புத்தகத்துலயே, அவங்களை மரியாதையோட ஏத்துக்கணும்னும் போட்டிருக்கு" என்றார் சாமி மெதுவாக.

"அது தப்புன்னு போட்டிருக்கிற முந்தின வரியையும் படிங்க சாமி."

"படிச்சிருக்கேன்."

"அந்த ரெண்டு வரிக்கும் நடுவுலதான் எங்க பிள்ளை நிக்கிறான்" என்றாள் அவள். "போதனையை மாத்துங்கன்னு நான் கேட்கலைண்ணே. மாத்தணுமா வேண்டாமான்னு எனக்கே ஒரு நாள் ஒரு மாதிரி தோணுது, மறுநாள் வேற மாதிரி தோணுது. இருக்கிறதை இருக்குன்னு எழுதுற வேலை மட்டும்தான் எனக்குத் தெரியும். பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருண்டுடுமா? இங்க இல்லைன்னு எழுதி அனுப்பினா, தபால்காரர் வீட்டு... வேற வீட்டுக்காரங்களும் கேட்ட கேள்விக்கு ஒருநாளும் பதில் வராது."

சாமி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பேனா மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார்.

"அக்கா, எனக்கும் உங்க பதில்தான் சரின்னு படுது. ஆனா பேரவை முடிவை நானா மாத்தினா நாளைக்கு எந்த முடிவையும் யாரும் மதிக்க மாட்டாங்க. மறுபடி எடுக்கணும்னா உறுப்பினர் ஒருத்தர் கேட்கணும். அதுவும் எதிர்த்தவங்க கேட்டாச் செல்லாது. அன்னைக்கு 'இல்லை'ன்னு கை தூக்கின ஒன்பது பேர்ல ஒருத்தர் கேட்கணும். கேட்டா, இதை இன்னைக்கு அனுப்பாம நிறுத்தி வைக்க எனக்கு அதிகாரம் இருக்கு."

"நர்ஸம்மா செல்லாது. எனக்கு வாக்கே கிடையாது" என்றாள் அவள்.

"நான் கேட்க மாட்டேன்க்கா. மன்னிச்சுக்குங்க" என்றார் காண்ட்ராக்டர். அதைச் சொல்லும்போது அவர் முகம் நிஜமாகவே வாடியிருந்தது.

"அப்படின்னா பழைய பதிலையே அடிச்சுடுங்கக்கா. வண்டி வந்துடும்."

அவள் கை விசைப்பலகைக்குப் போனது. அடித்திருந்ததை அழிக்கும் பொத்தானின் மேல் விரல் இருந்தது. வெளியே பாடகர் குழுப் பெண்கள் பேசிச் சிரித்துக்கொண்டு படியேறும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. கக்கத்தில் பாட்டுத் தாள்களோடு வாத்தியார் நின்றார்.

"பீரோ சாவி" என்றார். பிறகு மூன்று பேர் முகத்தையும் பார்த்தார். வந்த வழியே திரும்புகிறவர்போல ஒரு கால் பின்னால் போனது.

"உள்ள வாங்க" என்றாள் அவள்.

வந்தார். சாமியின் கையில் இருந்த தாளையும் அதன் மேல் நின்ற பேனாவையும் பார்த்தார். கேட்காமலே எல்லாம் புரிந்தவர்போலக் காண்ட்ராக்டர் பக்கம் பார்வையைத் திருப்பினார். காண்ட்ராக்டர் ஜன்னலைப் பார்த்தார்.

அவள் டிராயரைத் திறக்கவில்லை. அதன் மேல் கையை மட்டும் வைத்துக்கொண்டாள்.

"ஏங்க, பதினெட்டாம் கேள்வியை மறுபடி எடுக்கணும்னா கை தூக்கின ஒருத்தர் வாயால கேட்டாப் போதும்ங்கறாரு சாமி."

வாத்தியார் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். பாடத் தொடங்குமுன் இழுப்பதுபோல. பாட்டுத் தாள் ஒன்று கக்கத்தில் இருந்து நழுவித் தரையில் விழுந்தது. அவர் குனியவில்லை.

"நான் உடைஞ்சுபோக மாட்டேன்" என்றாள் அவள். "கேளுங்க."