பெஞ்சு உத்தியோகம்

“அந்த முட்டையை எடுத்து அவன் கேரியர்ல வை. சம்பாதிக்கிற ஆம்பளைக்கு உடம்புல தெம்பு வேணாமா?” என்றாள் மாமியார்.

மருமகள் முட்டையைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். மகளும் முட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் இருந்தது அந்த ஒன்றுதான்.

சம்பாதிக்கிற ஆம்பளை கண்ணாடி முன் நின்று தலை சீவிக்கொண்டிருந்தார். அவர் மேஸ்திரியாக இருந்த செருப்பு ஆலையை இழுத்து மூடி மாதக்கணக்காகிவிட்டது. எங்கோ வெளிநாட்டில் செருப்பு வாங்குவதை நிறுத்திவிட்டார்களாம். இங்கே ஊரே நடுத்தெருவில் நின்றது. ஆனால் மேஸ்திரிக்கு வேறு கம்பெனியில் இதைவிடப் பெரிய வேலை கிடைத்துவிட்டதாக மாமியார் தெருவில் சொல்லிவைத்திருந்தாள். சொன்ன வாக்கைக் காப்பாற்ற வேண்டாமா? தினமும் இஸ்திரி போட்ட சட்டை, கையில் கேரியர். நேரே பூங்காவுக்குப் போவார், பெஞ்சில் உட்காருவார், சாயங்காலம் களைத்துப்போய் வருவார். நாள் பூராவும் சும்மா இருப்பதென்றால் லேசுப்பட்ட வேலையா!

இந்த மானத்தைக் காப்பாற்ற மருமகளின் வளையல் போனது, சங்கிலி போனது, தையல் மிஷினும் போனது. மானத்துக்கு அப்படியொரு அகோரப் பசி. இனி விற்க ஒன்றுமில்லை என்ற பிறகுதான் அவள் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை கேட்டாள். கிடைத்தது. இன்று காலை போய் நிற்காவிட்டால் வேறு ஆள் எடுத்துக்கொள்வார்கள்.

“ஊரார் அழுக்கை வெளுக்கவா உன்னை இந்த வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம்?” மாமியார் மறுபடி ஆரம்பித்தாள். “பக்கத்து வீட்டுக் கணக்குப்பிள்ளையும் அதே ஆலைதான். அவன் ஜம்முனு புது வேலைக்குப் போறான். பொண்டாட்டியையா அனுப்பினான்? நாம மட்டும் இளைச்சவங்களா?”

“நம்ம வீட்டு அழுக்கை வெளுத்தா யாரும் சம்பளம் தரமாட்டேங்கிறாங்களே அத்தே.”

மேஸ்திரி சீப்பைக் கீழே வைத்தார். “நான் ஒருத்தன் வேலைக்குப் போறப்ப நீ எதுக்குப் போகணும்?”

சொன்னவர் சிரிக்கவில்லை. அவளுக்குத் திக்கென்றது. ஊரை ஏமாற்றக் கட்டிய பொய்க்குள் இந்த மனுஷன் குடியேறியே விட்டார்! பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது.

முட்டையை உரித்து மகளின் தட்டில் வைத்தாள். கேரியரை மூடித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

“ஏய், அது என் கேரியர்!”

“வேலைக்குப் போறவங்களுக்குத்தானே கேரியர்? உங்களுக்குச் சோறு பானையில இருக்கு. மத்தியானம் வந்து சாப்பிடுங்க. பூங்காவுல அதுக்கு லீவு தரமாட்டாங்களா என்ன?”

பதிலுக்குக் காத்திராமல் படி இறங்கினாள். பின்னாலேயே மாமியார் ஓடிவந்தாள். வாசல் பெருக்கிக்கொண்டிருந்த கணக்குப்பிள்ளையின் மனைவி நிமிர்ந்து, “எங்கே கிளம்பிட்டா உங்க மருமக?” என்று கேட்டாள்.

மாமியார் முகத்தில் சட்டென்று ஒரு சிரிப்பு வந்து ஒட்டிக்கொண்டது. “அதை ஏன் கேக்குற! எம் பையன் சம்பாதிக்கிறதே ஏழு தலைமுறைக்குக் காணும். இவளுக்குத்தான் வீட்டுல பொழுது போகலையாம். சும்மா ஒரு பொழுதுபோக்குக்கு...”

மருமகள் நின்றாள். நேற்றாக இருந்தால் கேட்டும் கேட்காததுபோல் போயிருப்பாள்.

“இல்லக்கா,” என்றாள், தெருவுக்கே கேட்கும்படி. “நான் ஆஸ்பத்திரித் துணி துவைக்கப் போறேன். பொழுதுபோக்கப் போறவர் அவர்தான். பூங்காவுல, பெஞ்சுல.”

மாமியார் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கணக்குப்பிள்ளையின் மனைவி தன் வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தாள். அங்கே இஸ்திரி போட்ட சட்டையில் அவள் புருஷன் கேரியருக்காகக் காத்திருந்தார். அவள் விளக்குமாற்றைச் சுவரோரம் சாய்த்தாள்.

“எங்க வீட்டுக்காரர் அதுக்கு அடுத்த பெஞ்சு,” என்றாள். “கொஞ்சம் நில்லு, கேரியரை எடுத்துட்டு வந்துடுறேன். ஆஸ்பத்திரியில இன்னொரு ஆள் எடுப்பாங்களா?”