நானூற்றுப் பன்னிரண்டாவது ரிவெட்

தங்கை வீட்டுக்காரன் ஒரு மணிக்கே வேலையை முடித்துவிட்டான். எனக்கு மூன்றரை ஆனது. அதே விமானம், அதே வேலை, அவனுக்கு இடது பக்கம், எனக்கு வலது பக்கம். இரண்டரை மணி நேர வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று செவ்வாய்க்கிழமை சாயங்காலம் யோசிக்க ஆரம்பித்தவன்தான், புதன் முழுக்க அதையே மென்றுகொண்டிருந்தேன்.

நேரில் அவனை 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவேன். மாப்பிள்ளை ஆயிற்றே. மனதுக்குள் பேசும்போது என்ன மரியாதை வேண்டிக் கிடக்கிறது?

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். விமானத்தின் உடம்பு ஒரே தகடு இல்லை. ஒரு தகட்டின் ஓரத்தின் மேல் அடுத்த தகட்டின் ஓரத்தை ஏற்றி, வரிசையாக ரிவெட், அதாவது தலை தட்டிய ஆணி, அடித்திருப்பார்கள். ஒவ்வொரு முறை மேலே ஏறும்போதும் உள்ளே காற்றை அடைத்து உடம்பு லேசாக உப்பும், இறங்கும்போது சுருங்கும். இந்த விமானத்துக்கு வயது இருபத்தேழு. அறுபத்தோராயிரம் தடவை உப்பிச் சுருங்கியிருக்கிறது. அத்தனை தடவை ஊதினால் எந்தத் தகடும் களைத்துத்தான் போகும். ரிவெட் ஓட்டையின் விளிம்பில், பெயிண்டுக்கு அடியில், நகக்கீறல் அளவுக்கு விரிசல் விழும். கண்ணுக்குத் தெரியாது. பேனா மாதிரி ஒரு கருவி இருக்கிறது, புரோப் என்போம். அதை ரிவெட் தலையைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டிக்கொண்டே பக்கத்தில் இருக்கும் சின்னத் திரையைப் பார்க்க வேண்டும். கோடு அமைதியாக இருந்தால் நல்லது. எகிறினால் விரிசல்.

பார்த்து முடித்த ரிவெட்டின் மேல் மெழுகுப் பென்சிலால் ஒரு புள்ளி. என் புள்ளி நீலம், அவன் புள்ளி மஞ்சள். விமானம் வெளியே போகும் முன் எல்லாப் புள்ளிகளையும் துடைத்துவிடுவார்கள்.

ஒரு பக்கத்துக்கு ஆயிரத்து நூறு ரிவெட். ஒன்றுக்கு இருபது வினாடி என்று வைத்தாலும் ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. அவன் எட்டு மணிக்கு ஆரம்பித்து ஒரு மணிக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். என்னிடமா காது குத்தப் பார்க்கிறான்?

சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை, செவ்வாய்க்கிழமை நானே கவனித்தேன். நாங்கள் பார்த்த இணைப்பு விமானத்தின் முதுகை ஒட்டி ஓடுகிறது. சாரத்தில் ஏறி நின்றால் எதிர்ப்பக்கத்தில் நிற்பவனின் தலை முதுகுக்கு மேலே தெரியும். பத்து மணிக்கே அவன் தலை என்னைத் தாண்டி வால் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அது எவ்வளவு வேகமாக நகர்கிறது, எத்தனை தடவை நிற்கிறது என்று பதினொன்றரை வரை கணக்கு வைத்தேன். புரோப்பின் முனை தேயாமல் இருக்க ஒரு டேப் ஒட்டுவோம். நூற்றைம்பது ரிவெட்டுக்கு ஒருமுறை அது கிழியும், மாற்ற வேண்டும். அவன் மாற்றி நான் பார்க்கவே இல்லை.

புதன்கிழமை அவன் சாப்பிடப் போயிருந்தபோது அவன் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஸ்டோரில் செவ்வாய் காலை வாங்கிய டேப் சுருள் உறை பிரிக்காமல் அப்படியே இருந்தது.

இதற்கு மேல் என்ன வேண்டும்? அலுவலகத்தில் தண்ணீர் மெஷினுக்குப் பக்கத்துத் தட்டில் புகார்ப் படிவங்கள் இருக்கும். ஒன்றை எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

உள்ளதைச் சொன்னால், எனக்கு அவன் மேல் பழைய காய்ச்சலும் உண்டு. லைசென்ஸ் தேர்வில் நான் மூன்றாவது தடவைதான் தேறினேன். அவன் முதல் தடவையே. அவனுக்கு இந்த வேலைக்குச் சிபாரிசு செய்ததும் நான்தான். இப்போது நானே எழுதிக் கொடுத்தால் அவன் லைசென்ஸ் போய்விடும். இந்தத் தொழிலில் ஒருமுறை பார்க்காததைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டவனை வேறு எவனும் சேர்க்கமாட்டான். தங்கைக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். எழுதாவிட்டால் வியாழக்கிழமை நாலு மணிக்கு நூற்று முப்பது பேரை ஏற்றிக்கொண்டு அது கிளம்பும்.

அன்று சாயங்காலம் தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, அவருக்கு ஆபீஸ்ல ஏதாவது பிரச்சினையா? நேத்துலேர்ந்து சாப்பாடே இறங்கல. நைட்டெல்லாம் புரண்டு புரண்டு படுக்கறாரு. என்னன்னு கேட்டா, 'உங்க அண்ணன் நல்லாத்தானே இருக்காரு'ன்னு என்னையே திருப்பிக் கேக்கறாரு."

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். எனக்குத் தெரிந்துவிட்டதா என்று தங்கையை வைத்து ஆழம் பார்க்கிறான். ஒன்றும் இல்லை, வேலை அதிகம் என்று சொல்லிவைத்தேன். போனை வைத்த பிறகு மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"உங்களுக்கு உங்க நிழல் மேலயே சந்தேகம். அவர்கிட்டயே நேரா கேட்டுட வேண்டியதுதானே?" என்றாள்.

"திருடன்கிட்டப் போய் 'திருடினியா'ன்னு கேக்கச் சொல்றியா?"

"அவர் திருடன்னு யார் சொன்னா? நீங்கதான் சொல்றீங்க" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

சாப்பாட்டு மேஜையிலேயே படிவத்தை நிரப்பினேன். தேதி, விமான எண், என்ன வேலை, எந்தப் பக்கம். 'இடது' என்று எழுதினேன். கடைசிக் கட்டம், சரியாகப் பரிசோதிக்காதவர் பெயர். அதில் மட்டும் பேனா ஓடவில்லை. ஒரு தடவை கையோடு சோதித்துவிட்டு எழுதுவோம் என்று மறுபடி மடித்து வைத்தேன்.

வியாழன் காலை பத்து மணி. எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். நான் புரோப்பை எடுத்துக்கொண்டு இடது பக்கச் சாரத்தில் ஏறினேன். மஞ்சள் புள்ளிகள் எறும்பு வரிசை போல் ஒழுங்காக ஓடின. புள்ளி வைக்க யாருக்குத்தான் வராது? முன்கதவுக்குப் பக்கத்தில் பத்து ரிவெட் பார்த்தேன். கோடு அசையவில்லை. இறக்கைக்கு மேலே இருபது. அசையவில்லை. எனக்கு நிம்மதி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. நிமிர்ந்தேன்.

முதுகுக்கு மேலே, நான் வேலை பார்த்த வலது பக்கத்தில், ஒரு தலை தெரிந்தது.

"மாப்ள? அங்க என்ன பண்றீங்க?"

தலை திடுக்கிட்டுத் திரும்பியது.

"நீங்க இங்க என்ன பண்றீங்க மச்சான்?"

"நான் சும்மா… மெஷின் சரியா காட்டுதான்னு பாத்தேன்."

"நானும் அதான்."

பிறகு அவன் மெதுவான குரலில், "கொஞ்சம் இந்தப் பக்கம் வர்றீங்களா?" என்றான்.

இறங்கி, வயிற்றுக்கு அடியில் குனிந்து போய், வலது பக்கம் ஏறினேன். அவன் தன் புரோப்பை என் கையில் கொடுத்து ஒரு ரிவெட்டைக் காட்டினான். என் நீலப் புள்ளி வைத்த ரிவெட். நானூற்றுப் பன்னிரண்டாவது. வட்டம் ஓட்டினேன். கோடு துள்ளி எகிறியது. பதின்மூன்றாவதிலும் எகிறியது. பதினான்காவதிலும்.

ஒற்றை விரிசலோடு ஒரு விமானம் பல நாள் பறந்துவிடும். பக்கத்துப் பக்கத்து ரிவெட்டில் மூன்று இருந்தால், என்றைக்காவது அவை மேலே போகும்போது ஒன்றை ஒன்று தொடும். தொட்டால் தகடு கிழியும். புரோப்பை அவனிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"இங்கதான் இருக்கும்னு எப்படித் தெரியும்?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "செவ்வாக்கிழமை பதினோரு மணி இருக்கும். ஏதோ உறுத்துச்சு, திரும்பிப் பாத்தேன். நீங்க என்னையே பாத்துக்கிட்டு இருந்தீங்க மச்சான். கண்ணு என் மேல இருக்கு, கை பாட்டுக்கு ஓட்டுது, புள்ளி வைக்குது. ஸ்கிரீனப் பாக்கவே இல்ல. இந்த ஜன்னலுக்கு நேரா. ரெண்டு நாளா எப்படிச் சொல்றதுன்னு தெரியல. எனக்கு வேலை வாங்கிக் குடுத்ததே நீங்க."

நான் கேட்டது ஓர் அசட்டுக் கேள்விதான்.

"டேப் மாத்தவே இல்லையே நீங்க?"

அவன் சட்டைப்பையிலிருந்து பாதி தீர்ந்த சுருளை எடுத்துக் காட்டினான். "ஸ்டோர் டேப் சீக்கிரம் கிழியுது. என் சொந்தச் செலவுல வாங்கி வச்சிருக்கேன். குனிஞ்சுதானே ஒட்டுவேன், உங்களுக்கு எங்க தெரியப்போவுது?"

"ஒரு மணிக்கே முடிச்சுட்டீங்களே?"

"வேலையப் பாத்திருந்தா உங்களுக்கும் முடிஞ்சிருக்கும்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இப்ப நீங்களே மறுபடி பாத்துக் கண்டுபிடிச்சதா எழுதிடுங்க மச்சான். நான் இங்க வரவே இல்ல. யாருக்கும் தெரியாது" என்றார்.

நான் சட்டைப்பையிலிருந்து படிவத்தை எடுத்து அவரிடம் நீட்டினேன். ஒவ்வொரு கட்டமாகப் படித்தார். 'இடது' என்ற இடத்தில் கண் நின்றது. பிறகு காலியாக இருந்த கடைசிக் கட்டத்துக்கு வந்தது.

"நேத்து தேதி போட்டிருக்கு" என்றார்.

"ஆமா."

"உங்க தங்கச்சிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

தலையாட்டித் திருப்பிக் கொடுத்தார். அதைவிட ஓர் அறை விட்டிருக்கலாம். அவ்வளவு வெட்கமாக இருந்தது. படிவத்தை விமானத்தின் மேலேயே வைத்து, 'இடது' என்பதை அடித்து 'வலது' என்று எழுதினேன். கடைசிக் கட்டத்தில் என் பெயரை எழுதினேன். நேற்று ஓடாத பேனா இன்று தடங்கல் இல்லாமல் ஓடியது. இருபத்திரண்டு வருஷத்து லைசென்ஸ்.

பேனாவை மூடப் போனேன். அவர் கையை நீட்டி நிறுத்தினார்.

"இடதையும் எழுதுங்க."

"எதுக்கு? உங்க பக்கம் முப்பது ரிவெட் பாத்தேன். சுத்தமா இருக்கு."

"நான் திரும்பி உங்களப் பாத்துக்கிட்டு இருந்தேன்ல, ஒரு அஞ்சு நிமிஷம்?" தன் கையைப் பார்த்துக்கொண்டார். "அப்ப என் கையும் சும்மா இருக்கல மச்சான்."

அடித்த 'இடது'க்குப் பக்கத்தில் மறுபடியும் 'இடது' என்று எழுதினேன். பேனாவை வாங்கி, என் பெயருக்குக் கீழே அவர் பெயரை அவரே எழுதினார். தங்கைக்கு என்ன பதில் சொல்வது என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

கீழே துணியும் வாளியுமாக ஆட்கள் வந்துவிட்டார்கள், புள்ளிகளைத் துடைக்க. அவர்களுக்கு முன்னால் எங்கள் மேற்பார்வையாளர். எதற்கும் 'ஆச்சா, ஆச்சா' என்று பிடுங்குவதால் அவருக்கு 'ஆச்சா' என்றே பெயர். இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் நிற்பதைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"என்னப்பா, தொடைக்கலாமா? ஆச்சா?"

"ஆகல சார்" என்றோம், இருவரும் சேர்ந்து.