விரிசலில் ஒட்டிய கண்ணாடி

கல்லூரியில் அவருக்குக் கல்லு சார் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. புவி அறிவியல் துறைக்குத் தலைவரும் அவர்தான், ஆசிரியரும் அவர்தான், பெருக்க ஆள் வராத நாளில் துடைப்பம் பிடிப்பவரும் அவர்தான்.

ஆண்டுதோறும் புதுப் பிள்ளைகளைப் பெரிய அரங்கில் உட்காரவைத்து, துறைக்கு ஒருவராக மேடையேறி, எங்கள் படிப்புக்கு வாருங்கள் என்று கூவுவது அங்கே வழக்கம். கணக்கியல்காரர் வேலை நிச்சயம் என்பார். கணினிக்காரர் வெளிநாடு என்பார். கல்லு சார் பெட்டியிலிருந்து ஒரு பாறைத் துண்டை எடுத்து, இது உங்கள் பரம்பரைக்கே மூத்தது என்பார். அது நகைச்சுவை என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். கடைசியில், வேறெங்கும் இடம் கிடைக்காத சில பேர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவர் அறைக்கு வந்து சேர்வார்கள். அப்படியே காலம் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த ஆண்டு கல்லூரி முதல்வர் அதற்கும் வேட்டு வைத்தார். முதல்வர் வேறு யாருமில்லை, கல்லு சாருடைய மனைவியின் அண்ணன். இவருக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவரே. அதை ஒரு நாளும் வாய்விட்டுச் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லாமலே மறக்கவிடாமல் பார்த்துக்கொள்ளும் வித்தை அவருக்குக் கைவந்தது.

"மாப்ள, ஒரு வகுப்பு நெறையிற அளவுக்குப் பிள்ளைங்க வரலேன்னா இந்த வருஷத்தோட உங்க துறைய மூடிருவாங்க. நிர்வாகம் கறாரா சொல்லிருச்சு."

"மூடிட்டா நான் என்ன பண்றது மச்சான்?"

"விடுதிப் பொறுப்பு காலியாத்தான் இருக்கு."

விடுதிப் பொறுப்பு என்றால் குழாயில் தண்ணீர் வருகிறதா, எவன் சுவரேறிக் குதித்தான் என்று பார்க்கிற வேலை. வாழ்நாள் முழுக்கப் பாறையையும் மண்ணையும் படித்த மனிதர் அதற்கு எப்படிப் போவார்? புதுப் பிள்ளைகள் வந்த அன்று மேடையில் அவர் பெட்டியைத் திறக்கவே இல்லை. "எல்லாரும் எந்திரிச்சு என் பின்னாடி வாங்க" என்று இறங்கி நடந்தார்.

கல்லூரியின் பின்பக்கம் ஒரு புதுக் கட்டிடம் இருந்தது. சரிவில் மண்ணைக் கொட்டிச் சமன்படுத்தி, கொட்டிய மண் இறுகுவதற்குள் அவசர அவசரமாக எழுப்பியது. அதன் மூலை வகுப்பறையில், சன்னல் அடியிலிருந்து தரைவரை சுவர் விரிசல் விட்டிருந்தது. எத்தனை முறை பூசி வெள்ளையடித்தாலும் வெட்கமில்லாமல் மறுபடி தலைகாட்டியது. விடுமுறையில் கல்லு சார் அந்த விரிசலுக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடிப் பட்டையை வைத்து, இரு முனையிலும் சிமென்ட் பூசி ஒட்டியிருந்தார். முணுமுணுத்துக்கொண்டே சிமென்ட் குழைத்துக் கொடுத்தவள் அவருடைய மகள். விரிசல் ஓய்ந்துபோன பழைய விரிசல் என்றால் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது. சுவர் இன்னும் அசைகிறது என்றால் கண்ணாடிக்கு வளையத் தெரியாது, உடையத்தான் தெரியும். வெயில் காலம் முழுக்க அது முழுதாக இருந்தது. நல்ல மழை பெய்து ஓய்ந்த பிறகு பார்த்தால் நடுவில் இரண்டாகப் பிளந்திருந்தது.

பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

"நகர்றது சுவர் இல்ல. கீழ இருக்கிற மண்ணு," என்றார். "தண்ணியக் குடிச்சுக் குடிச்சுக் கொஞ்சங்கொஞ்சமா சரிவுல எறங்குது. நாம நிக்கிறோம், பேசுறோம், நமக்குத் தெரியவே தெரியாது. இந்தக் கண்ணாடிக்குத் தெரிஞ்சுது பாருங்க. பூமி பண்ற வேலைய இப்படிப் பாக்கக் கத்துக்கிறதுதான் இந்தப் படிப்பு."

"அப்போ இந்தக் கட்டடம் விழுந்துருமா சார்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"எப்பன்னு எனக்குச் சொல்லத் தெரியாதும்மா. ஆனா இதுல ஆளுங்கள உக்கார வைக்கக் கூடாது. அது மட்டும் தெரியும்."

அதுவரை கைப்பேசியில் குனிந்திருந்த தலைகளெல்லாம் நிமிர்ந்தன. அன்று மாலை அவர் அறை வாசலில் வரிசை நின்றது. கல்லு சாருக்குத் தலைகால் புரியவில்லை. வரிசையின் கடைசியில் நின்றவளைப் பார்த்ததும் எழுந்து வாசலுக்கே வந்துவிட்டார். மகள். இந்த ஆண்டு கல்லூரியில் சேரும் அவளுக்கு முதல்வரான தாய்மாமன் கணக்கியலில் இடம் பிடித்து வைத்திருந்தார்.

"கணக்கியல் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன்ப்பா."

"ஏம்மா?"

"வீட்ல நீங்க கல்லு, மண்ணுன்னு ஆரம்பிச்சாலே எனக்குக் கொட்டாவிதான் வரும். சிமென்ட் குழைச்சப்பகூட என்னத்துக்குன்னு கேக்கல. இன்னிக்குத்தான்ப்பா நீங்க என்ன வேலை பாக்கிறீங்கன்னே புரிஞ்சுது."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறந்ததிலிருந்து இவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததில்லை. வீட்டில் மனைவி பொரிந்து தள்ளினாள். "அண்ணன் வாங்கிக் குடுத்தத உதறிட்டு வந்து நிக்குது. அப்பாவும் பொண்ணும் ஒரே கிறுக்கு!" அந்தத் திட்டுகூட அவருக்குப் பாராட்டாகத்தான் கேட்டது.

பிள்ளைகள் வீட்டுக்குப் போய் வாயை மூடிக்கொண்டா இருப்பார்கள்? மறுநாளே பெற்றோர்கள் முதல்வர் அறையை முற்றுகையிட்டார்கள். கூட்டம் கலைந்ததும் முதல்வர் மைத்துனரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஆள் சேக்கச் சொன்னா, கல்லூரிக்கே ஆப்பு வைக்கிறீங்களே மாப்ள."

"உள்ளதத்தான் சொன்னேன் மச்சான். அளந்து பாக்கட்டும். யார வேணா கூட்டிட்டு வரட்டும்."

"அளந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா?" முதல்வர் கதவைச் சாத்தினார். "பெத்தவங்கள அரங்கத்துக்கு வரச் சொல்லிருக்கேன். கண்ணாடிய ஒட்டுனதுல தப்பு நடந்துபோச்சுன்னு நீங்களே உங்க வாயால சொல்லணும். சொன்னா உங்க துறை இருக்கும். இல்லேன்னா அந்தக் கட்டடத்தோட சேத்து அதையும் பூட்டிருவேன். வரிசையில நின்ன பிள்ளைங்கள வேற படிப்புக்குப் பிரிச்சு விட்டுருவேன். உங்க பொண்ணையும் சேத்துத்தான்."

ஒருநாள் முழுக்கக் கல்லு சார் யோசித்தார் என்று சொல்ல ஆசைதான். பொய் சொல்வானேன், வராந்தாவைக் கடந்து தன் அறைக்கு வருவதற்குள் முடிவு செய்துவிட்டார். படிப்பு இருந்தால்தானே நாளைக்கு நாலு பேருக்கு உண்மையைக் கற்றுக்கொடுக்கலாம் என்று மனசு ஒரு நியாயத்தைக் கையில் கொடுத்தது. கேட்டவுடன் நியாயம் எடுத்துக் கொடுக்காத மனசு எவனுக்கு இருக்கிறது?

மேடையில் நின்று, சிமென்ட்டை அதிகமாக வைத்துவிட்டேன் என்றார். காயும்போது அது சுருங்கி இழுத்ததில் கண்ணாடி உடைந்துவிட்டது, முதலாண்டு மாணவன் செய்கிற தவறு, இந்த வயதில் நான் செய்துவிட்டேன், சுவருக்கு ஒன்றுமில்லை என்றார். முன்வரிசையில் ஓர் அப்பா, "நல்ல வாத்தியாரப் புடிச்சீங்க போங்க!" என்றார். அரங்கம் சிரித்தது. கல்லு சாரும் கூடச் சிரித்தார். அது அவருக்குத் தேவையே இல்லாத சிரிப்பு. பின்வரிசையில் மகள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் குழைத்த சிமென்ட் அது. காய்ந்து கல்லாகி, வெயில் காலம் முழுக்கக் கண்ணாடி முழுதாக இருந்ததைக் கொட்டாவி விட்டுக்கொண்டே அவரோடு போய்ப் பார்த்தவள் அவள்.

கண்ணாடியைப் பெயர்த்தார்கள். விரிசலைப் பூசினார்கள். புவி அறிவியல் வகுப்பை அந்த மூலை அறைக்கே ஒதுக்கினார் முதல்வர். "நீங்களே அங்க பாடம் எடுத்தா யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க மாப்ள." வகுப்பு தொடங்குகிற அன்று காலை, வீட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவர் மகளிடம் தணிந்த குரலில் சொன்னார்.

"கதவுப் பக்கமா உக்காரும்மா. மழை வலுத்தா என்னைக் கேக்காம வெளிய வந்துரு."

"மத்தவங்க?"

அவர் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டார். அவள் காத்திருந்து பார்த்துவிட்டு முன்னால் நடந்தாள்.

வகுப்புக்குள் நுழைந்தபோதே அவருக்குப் புரிந்துவிட்டது. கதவுப் பக்கத்துப் பெஞ்சுகளில் பிள்ளைகள் நெருக்கியடித்து, ஒருவர் மடிமேல் ஒருவர் உட்காராத குறையாக இருந்தார்கள். சன்னல் பக்கம் வெறிச்சோடிக் கிடந்தது. மகள் சொல்லியிருக்கிறாள். எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிர்வாகத்து ஆள்கள் இரண்டு பேரோடு வராந்தாவில் வந்த முதல்வர் வாசலில் நின்றார்.

"என்ன சார், பாதி ரூம் காலியா கெடக்கு?"

கல்லு சார் வகுப்பைப் பார்த்தார். முதல்வரைப் பார்த்தார்.

"பரவி உக்காருங்க," என்றார்.

ஒருவரும் அசையவில்லை. இன்னொரு முறை, கொஞ்சம் குரலை உயர்த்திச் சொன்னார். மகள் எழுந்தாள். பையை எடுத்துக்கொண்டு, ஈரம் காயாத பூச்சுக்குப் பக்கத்தில், சுவரோடு தோள் உரச உட்கார்ந்தாள். உட்கார்ந்து அவர் கண்ணையே பார்த்தாள். எழுந்திரு என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டீர்களா என்ற பார்வை.

அதை அவர் ஒருவர்தான் அப்படிப் படித்தார். மற்றவர்கள் வேறு மாதிரி படித்தார்கள். சாரின் சொந்தப் பெண்ணே அங்கே உட்கார்ந்துவிட்டாள், இனி என்ன பயம்? ஒருவன் எழுந்தான். பின்னால் இன்னொருத்தி. அறையில் பேச்சும் சிரிப்பும் கிளம்பின. சன்னல் பக்கப் பெஞ்சுகள் ஒவ்வொன்றாக நிறைந்தன. மகள் இதை எதிர்பார்க்கவில்லை. "நீங்க வராதீங்கடி," என்று பக்கத்தில் வந்தவளின் கையைப் பிடித்தாள். அவளோ, "இங்கதான் காத்து வருது," என்று அவளை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

முதல்வர் திருப்தியாகத் தலையசைத்துவிட்டு, வந்தவர்களை அழைத்துக்கொண்டு போய்விட்டார். வாசலில் இப்போது யாருமில்லை. எல்லாரும் வெளியே வாங்க என்று கல்லு சார் சொல்லியிருக்கலாம். தடுக்க ஓர் ஆள் இல்லை. இத்தனை ஆண்டுகளில் முதல்முறையாக, காலியிடம் இல்லாமல் அவருடைய வகுப்பு நிறைந்திருந்தது.

"ஆரம்பிங்க சார்," என்றாள் மகள்.

அவர் சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பினார்.