அபராதத்தோடு முடிந்துவிடும்

செய்யாத தப்பை ஒத்துக்கொண்டு ஜெயிலுக்குப் போனவனை ஊர் ஏமாளி என்றுதான் சொல்லும். லிஃப்ட் மெக்கானிக் ஏமாளி இல்லை. மச்சானை நம்பியவன், அவ்வளவுதான். இற்றுப்போன கம்பிவடத்தை மாற்றச் சொல்லி அவன் கட்டட முதலாளியிடம் தலைபாடாக அடித்துக்கொண்டான். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. லிஃப்ட் அறுந்து விழுந்து ஒருவருக்குக் கால் போனதும், பழி மெக்கானிக் தலையில் விடிந்தது.

மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், வக்கீல். வீட்டுக்கே வந்து, தங்கை பரிமாறியதை ஒரு கை பார்த்துக்கொண்டே, ஒத்துக்கொள், அபராதத்தோடு முடிந்துவிடும் என்றார். தண்டனை குறையும் என்று யாராவது வாக்குக் கொடுத்தார்களா என்று நீதிபதி கேட்பார், இல்லை என்று சொல்லிவிடு என்று பாடமும் நடத்தினார். இவனும் கிளிப்பிள்ளை மாதிரி சொன்னான். கிடைத்தது சிறை. பிழைப்புக்கிருந்த லைசென்ஸும் போயிற்று.

இப்போது ஜாமீனில் வந்து மேல்முறையீடு. புது வக்கீலம்மா பூசி மெழுகவில்லை. அந்த வாக்கைக் காதால் கேட்டவர் சாட்சி சொன்னால்தான் ஒப்புதலை உடைக்க முடியும் என்றார். கேட்டவள் ஒருத்திதான். கூடப்பிறந்தவனுக்கு எதிராக அவள் கூண்டில் ஏறுவாளா என்று அவனுக்குச் சந்தேகம்தான்.

ஏறினாள். அண்ணன் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவனுக்குப் பெருமையில் கண் கலங்கியது. பிறகு அரசு வக்கீல் எழுந்து, அபராதம்தான் என்று நீங்களும் நம்பினீர்களா என்று கேட்டார்.

அவள் தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

"இல்லைங்க. ஜெயில்தான்னு அண்ணன் எங்கிட்ட முன்னாடியே சொல்லிட்டார். அந்த முதலாளியும் அவரோட கட்சிக்காரர்தான். இவர் ஒத்துக்கிட்டா முதலாளி தப்பிச்சுக்குவார்னார். அண்ணன் பொழப்பே அவராலதான் ஓடுது. அதான் நான் வாயத் திறக்கல."

இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது, ஜெயித்துவிட்டோம் என்று வக்கீலம்மா அவன் காதில் சொன்னார். சொன்னபடியே ஒப்புதல் ரத்தானது. வழக்கு இனி முதலிலிருந்து நடக்கும். மச்சான் செய்ததை வக்கீல் புத்தி என்று தள்ளிவிடலாம். இவள் செய்ததை எங்கே கொண்டுபோய்த் தள்ளுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

வராந்தாவில் அவள் பக்கத்தில் வந்து நின்றாள். "உண்மையச் சொல்லிட்டேன்ல. வாங்க, வீட்டுக்குப் போலாம்."

"ஒண்ணு மட்டும் சொல்லு" என்றான். "அன்னைக்கு நான் கோர்ட்டுக்குக் கெளம்பும்போது, மத்தியானத்துக்கு என்ன சமைக்கட்டும்னு கேட்டியே. அது எதுக்கு?"