ஐந்தாவது பேட்டரி

நாற்றத்தைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். வேப்பந்தட்டையில் லீலாவதியக்கா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி ஸ்டாண்ட் போடுவதற்குள் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அழுகிய முட்டை நாற்றம். அதற்கு நடுவில் அக்காவும் இன்னொரு பெரியவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து காபி வேறு குடித்துக்கொண்டிருந்தார்கள்.

பெரம்பலூரில் எனக்கு இன்வெர்ட்டர் கடை. காலையில் லீலாவதியக்காதான் போன் செய்து வரச் சொன்னார்.

"வா சின்னதுரை. மிஷினுக்குப் போற லைனை அவுத்துட்டு வூட்டுப் பக்கமா குடுத்துடு. டிவி, மிக்ஸியாவது ஓடட்டும். முட்டை வேலைக்கு இன்னியோட முழுக்கு."

மிஷின் என்றால் குஞ்சு பொரிக்கிற மிஷின். அவருடைய மருமகள் பூவிழியுடையது. உடையார்பாளையம் பக்கத்துப் பெண். கல்யாணத்துக்கு முன்பே நாட்டுக்கோழிக் குஞ்சு பொரித்து விற்றவள். இங்கே வந்ததும் மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறையில் ஆயிரம் முட்டை பிடிக்கிற மிஷினை வைத்தாள். போன மாதம் முதல் ஈடாக முட்டை அடுக்கினாள். இருபத்தொரு நாளில் பொரிய வேண்டியது. இருபதாம் நாள் நாற்றம் தாங்கவில்லை என்று சொல்லி, அத்தனையையும் குழியில் கொட்ட வைத்துவிட்டார் மாமியார். ஒரே ஒரு முட்டையைக்கூட யாரும் உடைத்துப் பார்க்கவில்லை. "கைராசி இல்லாதவ, இவ தொட்டா முட்டையும் அழுவுது" என்று தெரு முழுக்கப் பேசியாயிற்று.

இப்போது இரண்டாவது ஈடு, பன்னிரண்டாம் நாள், மறுபடியும் அதே நாற்றம். முட்டைத் தட்டுகளை எல்லாம் மிஷினிலிருந்து எடுத்து வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கொல்லையில் பூவிழியின் புருஷன் முத்தமிழ்செல்வன் குழி வெட்டும் சத்தம் கேட்டது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்கத் துப்பில்லை, மண்வெட்டி மட்டும் நன்றாகப் பிடிக்கிறான்.

பூவிழி தட்டுகளின் மேல் கம்பளியைப் போர்த்திவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"சூடு ஆறுனா செத்துரும்ண்ணே" என்றாள் என்னிடம். வேறு யாரும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசுகிற மாதிரி இல்லை.

நாற்காலியில் இருந்தவர் அவளுடைய தாய்மாமன் அய்யம்பெருமாள். அவரை வரவழைத்ததே பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகத்தான். "ரெண்டு மாசம் உங்க வூட்டுல வச்சிருந்து, தோஷம் கழிச்சி அனுப்புங்க. அதுக்கப்புறம் அடுப்படியோட இருக்கட்டும்" என்று லீலாவதியக்கா சொன்னார். அவர் தலையை ஆட்டினார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாட்டைப் பிடித்துக் கட்டுவதற்குக்கூட இதைவிட அதிகமாகப் பேசுவார்கள்.

நான் மிஷின் அறைக்குள் போனேன். உள்ளே போனதும் கண் எரிந்தது. முட்டை அழுகினால் குமட்டும், கண் எரியாது. மிஷினுக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன். வரிசையாக ஐந்து பேட்டரி. அதில் மூன்று, உலைச்சோறு மாதிரி உள்ளே சளசளவென்று கொதித்துக்கொண்டிருந்தன. மூடியைச் சுற்றி ஈரம் கசிந்து, முனையெல்லாம் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. தொட்டால் கை பொசுங்குகிற சூடு. நாற்றம் அங்கேயிருந்துதான் வந்தது. இரண்டு தடவையும் இவர்கள் மூக்கைப் பொத்தினார்களே தவிர, ஒருத்தராவது குனிந்து பார்க்கவில்லை.

எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தெரியாமல் என்ன, மாட்டியவனே நான்தானே.

இந்த இன்வெர்ட்டர் தாய்மாமன் சீர். கல்யாணத்துக்கு முன்பே அய்யம்பெருமாளுக்கு நான் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். சூடேற்றும் கம்பி எண்ணூறு வாட்ஸ். உள்ளே காற்றைச் சுற்றிவிடும் மோட்டார் அரை ஹெச்பி. ஓடும்போது ஐந்நூறோடு அடங்கிவிடும். கிளம்புகிற அந்த ஒரு நொடி மூவாயிரம் கேட்கும். அந்த உதையைத் தாங்குகிற மாதிரி பெரிய இன்வெர்ட்டர். அதற்கு நாற்பத்தெட்டு வோல்ட் வேண்டும். பன்னிரண்டு வோல்ட் பேட்டரி சரியாக நாலு. கரண்ட் போனால் மூன்று மணி நேரம் தாங்கும். ஒன்று குறையவும் கூடாது, கூடவும் கூடாது.

மிஷின் அறைக்குச் சீர் வந்து இறங்கிய அன்று பார்த்தால் ஐந்து பேட்டரி, ஐந்துக்கும் மஞ்சள் குங்குமம்.

"நாலுன்னுதானங்க எழுதிக் குடுத்தேன்" என்றேன்.

"சீரு இரட்டைப்படையில வைக்கலாமா? ஒத்தைப்படையிலதான் வைக்கணும்" என்றார் அய்யம்பெருமாள்.

"இன்வெர்ட்டரையும் சேத்து எண்ணுனா அஞ்சு ஆயிடுதே."

"அது தனி வரிசை, தம்பி. பேட்டரிய தனியாத்தான் எண்ணணும்."

சரி, ஐந்தாவதைச் சும்மா ஓரமாக வைத்துவிடலாம் என்றேன். சபையில் நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மாமன் சீரு மூலையில கெடக்குறதுக்கா வந்துச்சு? மாட்டு" என்று அதட்டினார். பக்கத்தில் பந்தி வேறு போட்டுவிட்டார்கள். எனக்கும் பசி. எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று முதல் பேட்டரியோடு ஐந்தாவதைச் சேர்த்துக் கட்டிவிட்டு இலையில் போய் உட்கார்ந்தேன். ஒருத்தன் சாப்பாட்டை இரண்டு பேர் பங்கு போட்டால் இரண்டு பேருக்கும் வயிறு நிறையாது. அந்த இரண்டும் அப்படித்தான் அரைவயிற்றோடு கிடந்தன. அதுகளுக்கு ஏறாத சார்ஜ் மற்ற மூன்றின் தலையில் விழுந்தது. அளவுக்கு மீறி ஏறினால் பேட்டரி கொதித்து அழுகிய முட்டை நாற்றம்தான் அடிக்கும். அன்றே இது எனக்குத் தெரியும். வடையும் பாயசமும் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

இப்போது மெயினை அணைத்துவிட்டு ஐந்தாவதின் வயரைக் கழற்றும்போது அய்யம்பெருமாள் உள்ளே வந்தார். என் கையைப் பார்த்தார்.

"பேட்டரியா?"

"ஆமாங்க. ஒங்க அஞ்சாவது."

கதவைச் சாத்தினார். "வெளிய சொல்லாத தம்பி. மாமன் சீரே கெட்ட சீருன்னு பேசுவானுங்க. இன்னும் ரெண்டு தங்கச்சி மவளுங்களுக்கு நான் சீரு செய்யணும். முட்டைன்னே இருந்துட்டுப் போவட்டும்."

"அந்தப் புள்ளைய கைராசி இல்லாதவன்னு சொல்லிட்டாங்களே."

"பொட்டச்சிக்கி ஏதாவது ஒரு பேரு இருக்கத்தான் செய்யும். ரெண்டு மாசத்துல மறந்துடுவாங்க. மாட்டுனவன் நீதான்னு தெரிஞ்சா, ஒன் கடை பேரும் சேந்துதான் நாறும்."

தூக்கி வளர்த்த பெண்ணைப் பற்றித்தான் இப்படிப் பேசுகிறார். அந்த மூஞ்சியில் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. ஆனால் துப்பவில்லை. கடையைப் பற்றிச் சொன்னதும் கொஞ்ச நேரம் யோசித்தேன், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வெளியே மண்வெட்டிச் சத்தம் நின்றது. குழி வெட்டி முடித்துவிட்டான். அதற்குமேல் உள்ளே நிற்க முடியவில்லை.

வாசலுக்கு வந்து பூவிழியிடம் ஒரு முட்டையைக் கேட்டேன். கம்பளிக்குள்ளேயே குனிந்து, செல்போன் வெளிச்சத்தை முட்டைக்கு அடியில் பிடித்தேன். உள்ளே சிவப்பாக நரம்பு ஓடியது. நடுவில் கருப்பாக ஒன்று அசைந்தது. லீலாவதியக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அடுத்த முட்டை, அதற்கடுத்தது, பத்து முட்டை காட்டினேன். எல்லாவற்றிலும் உயிர் இருந்தது.

"நாத்தம் பேட்டரிலேர்ந்து வருதுக்கா. முட்டைல ஒரு கோளாறும் இல்ல. சீருக்கு ஒத்தைப்படை வேணும்னு ஒண்ணு கூட வச்சாங்க. தப்புன்னு தெரிஞ்சே நான் மாட்டுனேன்."

லீலாவதியக்கா அய்யம்பெருமாளைப் பார்த்தார். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்தார். அக்கா பூவிழியிடம் ஏதாவது நல்ல வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. ரெண்டு வூட்டு மானம். வெளிய மூச்சு விடாதீங்க" என்றார். பிறகு கொல்லைப் பக்கம் திரும்பி, "டேய், வந்து தட்டை உள்ள எடுத்து வையி" என்றார். அவ்வளவுதான். காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். சீ என்று ஆகிவிட்டது எனக்கு.

பூவிழியும் முத்தமிழ்செல்வனும் தட்டுகளை மிஷினில் அடுக்கி முடித்தார்கள். இன்வெர்ட்டர் இல்லாமல் நேர் லைனில் மிஷினை ஓடவிட்டேன். சாயங்காலத்துக்குள் நல்ல பேட்டரி நாலு கொண்டுவந்து போடுகிறேன் என்று சொல்லிவிட்டுச் சாமான்களைப் பைக்குள் போட்டேன். அவள் மிஷின் கதவில் கையை வைத்தபடி நின்றாள்.

"மாட்டுறப்பவே தெரியும்ங்கிறீங்களாண்ணே?"

"தெரியும்மா."

"அன்னைக்கி குழியில கொட்டுனது நான்தான். அத்தை என்னையே கொட்டச் சொன்னாங்க. கொட்டுறப்ப முட்டைக்குள்ளேர்ந்து கீச்சு கீச்சுன்னு சத்தம் கேட்டுச்சு. உசுரு இருக்குன்னு சொன்னேன். யாரும் நம்பல. அப்புறம் எனக்கே சந்தேகமாப் போயிடுச்சு. நானே மண்ணைத் தள்ளி மூடுனேன்."

நான் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டேன். அந்த ஐந்தாவது பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்துக் கட்டினேன்.